நீக்கத்தக்க வட்டு

கரண்ட் போனால் மற்ற வீடுகளில் மெழுகுவத்தியைத் தேடுவார்கள். சுழியம்மாவின் வீட்டில் சுழியம்மாவைத் தேடுவார்கள்.

அன்றைக்கும் அப்படித்தான். வாரப் பத்திரிகை அலுவலகத்தின் ஜன்னலோர மேசையில், ஒரு தொடர்கதையின் கடைசி அத்தியாயத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதாநாயகி ஒரே பக்கத்தில் மூன்று இடங்களில் கண்ணீர் விடுகிறாள். மூன்று இடத்திலும் ஒற்றுப்பிழை. அழுவதை ஒழுங்காக அழக்கூடாதா என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்த நேரத்தில் போன் அடித்தது. வீட்டுக்காரர்.

"கரண்ட் போயிடுச்சு."

"போனா வரும். நான் என்ன கரண்ட் ஆபீஸா?"

"வந்துடுச்சு."

"அப்புறம் என்ன?"

"சிஸ்டம் வரல. நீ வா."

சுழியம்மா கண்ணை மூடிக்கொண்டாள். எதிர் மேசைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "என்னக்கா, சாவி கொடுக்கப் போறீங்களா?"

அலுவலகம் முழுவதற்கும் தெரிந்த கூத்து இது. சுழியம்மா தன் கணினியை முறைப்படி நிறுத்தி, பக்கவாட்டில் செருகியிருந்த பென்டிரைவைப் பிடுங்கி, பையில் போட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். நின்றபடியே பயணம். வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் முன்னறைக்குப் போனாள். ஊரெல்லாம் பிளான்காரர் என்று கூப்பிடுகிற அவள் கணவர் கையைக் கட்டிக்கொண்டு, கறுப்புத் திரையையே பார்த்தபடி நின்றிருந்தார். வீடு கட்டுகிறவர்களுக்குப் பிளான் வரைந்து கொடுப்பது அவர் தொழில். அந்த முன்னறைதான் அவர் அலுவலகம். அந்த சிஸ்டம்தான் அவர் பிழைப்பு.

அவள் பென்டிரைவைச் செருகி, பட்டனை அழுத்தினாள். திரையில் இரண்டு வரிகள் வந்தன. முதல் வரி அவளுடைய பென்டிரைவில் இருப்பது, இரண்டாவது அவருடையது. கீழ் அம்பை ஒரு தட்டு, என்டரை ஒரு தட்டு. அவருடைய சிஸ்டம் எழுந்துகொண்டது. பென்டிரைவைப் பிடுங்கினாள். இவ்வளவுதான் வேலை. இதற்குப் பாதி வேலையைப் போட்டுவிட்டு ஊரைச் சுற்றி வர வேண்டும்.

"வந்தது வந்தே, ஒரு டீ போட்டுக் குடுத்துட்டுப் போயேன்" என்றார் பிளான்காரர்.

அவள் பார்த்த பார்வையில், தானே போட்டுக்கொள்வதாகச் சொல்லி அடுப்படிப் பக்கம் நகர்ந்தார்.

இந்த வம்பு எப்படி வந்தது என்பதைச் சொல்லாவிட்டால் பாவம், அவரைத்தான் எல்லோரும் திட்டுவார்கள். ஆரம்பித்து வைத்தவள் சுழியம்மாதான்.

அவள் மெய்ப்புத் திருத்துகிறவள். அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் படித்து, பிழை கண்ட இடத்தில் சிவப்புப் பேனாவால் சுழிப்பாள். கூடவே முகத்தையும் சுழிப்பாள். இரண்டையும் சேர்த்துத்தான் அந்தப் பெயரை வைத்தார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு முகத்துக்கு நேராகவே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள். காகிதத்தில் சுழிக்கிற காலம் போய் எல்லாம் திரைக்கு வந்த பிறகுதான் அவளுடைய தலைவலி தொடங்கியது. வாரத்தில் சில நாள் பத்திரிகை, சில நாள் ஒரு புத்தகப் பதிப்பகம், மீதி நாள் அச்சகம். மூன்று இடத்திலும் மூன்று விதமான கணினிகள். ஒன்றில் பழைய தட்டச்சு முறை, ஒன்றில் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவழைக்கிற முறை, இன்னொன்றில் எந்த முறை என்று அங்கே இருக்கிறவர்களுக்கே தெரியாது. ஓரிடத்தில் திருத்திய பக்கத்தை இன்னோரிடத்தில் திறந்தால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். பிழை பார்க்கிற மென்பொருளோ, சரியான சொல்லுக்கெல்லாம் சிவப்புக் கோடு போட்டுவிட்டு, தப்பான சொல்லை விட்டுவிடும்.

"எனக்கு ஒரு சிஸ்டம் வேணும். நான் போற இடமெல்லாம் கூடவே வரணும். என் எழுத்துரு, என் கீபோர்டு, நான் சொல்லிக்கொடுத்த சொல்லு எல்லாம் அதுல இருக்கணும்" என்று பத்திரிகை அலுவலகத்துக்கு வருகிற சர்வீஸ்காரரிடம் சொன்னாள். சொந்த மடிக்கணினி அப்போதுதான் மண்டையைப் போட்டிருந்தது.

சர்வீஸ்காரர் ஒரு பென்டிரைவைக் கொடுத்தார். எந்தக் கணினியில் செருகினாலும், அந்தக் கணினிக்குள் இருப்பதைத் தொடாமல், பென்டிரைவிலிருந்தே எல்லாம் எழுந்து ஓடும் என்றார். ஓடியது. ஆனால் அது வெறும் சோதனைப் பதிப்பு. பகல் முழுக்க உட்கார்ந்து அதற்குச் சொல் சொல்லிக்கொடுத்தாள். மாலையில் அணைத்தாள். மறுநாள் பார்த்தால் எல்லாம் போயே போச்சு. அவளை யார் என்றே தெரியாத மாதிரி வரவேற்றது.

"அது அப்படித்தாம்மா. அணைச்சா மறந்துடும். மறக்கக் கூடாதுன்னா பென்டிரைவுல முழுசா ஓ.எஸ். போடணும், கணினிக்குள்ள போடற மாதிரியே. இன்னொரு பென்டிரைவ் வாங்குங்க, நல்லதா. இதைச் செருகி அதுல போட்டுக்கலாம்."

"நீங்க போட்டுக் குடுங்களேன்."

"அடுத்த வாரம்."

அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த சுழியம்மா, பிளான்காரர் ஒரு மனையை அளக்கப் போயிருந்த காலையில், அவருடைய சிஸ்டத்தில் இரண்டு பென்டிரைவையும் செருகி உட்கார்ந்துவிட்டாள். திரை முதலில் எந்த மொழி என்று கேட்டது. பட்டியலில் தமிழ் இருந்தது. அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வேறு மொழியைத் தொடுவாளா?

அரை மணி நேரம் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. அப்புறம் ஒரு கேள்வி வந்தது. கணினி எழுந்ததும் முதலில் ஓடுகிற சின்னத் துணுக்கு ஒன்று உண்டாம். அதற்குத் துவக்கி என்று பெயர். அந்தத் துவக்கியை எங்கே நிறுவ வேண்டும்? 'நிலை வட்டு' என்று ஒன்று, 'நீக்கத்தக்க வட்டு' என்று ஒன்று.

மெய்ப்புத் திருத்துகிறவளுக்கு 'நீக்கு' என்றால் ஒரே அர்த்தம்தான். சொல்லின் மேல் கோடு கிழித்து ஓரத்தில் வால் வைத்த குறி போட்டால், அந்தச் சொல் அச்சில் வராது. நீக்கத்தக்கது என்றால் நீக்கத் தகுந்தது. இருந்தாலும் ஒன்றுதான், ஒழிந்தாலும் ஒன்றுதான். ஆசை ஆசையாக வாங்கிய புதுப் பென்டிரைவை யாராவது ஒழிக்கக் கொடுப்பார்களா? நிலையாக இருப்பதுதான் நல்லது என்று 'நிலை வட்டு' மீது தட்டிவிட்டாள். பென்டிரைவ் சூடேறிச் சூடேறி வேலையை முடித்தது.

கழற்றி எடுக்கிற வட்டு என்று சொல்ல வந்ததைத்தான் அந்தப் புண்ணியவான் நீக்கத்தக்க வட்டு என்று எழுதியிருக்கிறான். நிலை வட்டு என்பது கணினிக்குள்ளேயே இருக்கிற வட்டு. அவள் பென்டிரைவில் இருக்க வேண்டிய துவக்கி, பிளான்காரரின் கணினிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பூட்டு ஒரு வீட்டில், சாவி ஒரு வீட்டில் என்று ஆயிற்று. அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் பென்டிரைவைப் பெருமையாகச் செருகினாள். துவக்க ஒன்றும் இல்லை என்று திரை கையை விரித்தது. அதே நேரம் வீட்டில் பிளான்காரர் தன் சிஸ்டத்தைப் போட்டார். அதற்குள் இருந்த துவக்கி பென்டிரைவைத் தேடு தேடென்று தேடி, கிடைக்காமல், ஒரு வரி ஆங்கிலத்தோடு நின்றுவிட்டது.

"யாரும்மா உங்களைத் தமிழ்ல போடச் சொன்னது? நாங்க எல்லாரும் இங்கிலீஷ்லதான் போடுவோம்" என்று சர்வீஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அந்தத் தமிழை எழுதினவருக்கு அப்புறம் அதைப் படிச்ச முதல் ஆளு நீங்களாத்தான் இருக்கும்."

பென்டிரைவிலும் ஒரு துவக்கியைப் போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து அது போகிற இடமெல்லாம் ஓடியது. அவள் கேட்ட எழுத்துரு, கேட்ட கீபோர்டு, ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் மறக்காத அகராதி. மூன்று அலுவலகத்திலும் அவள் மகாராணி. வீட்டுச் சிஸ்டத்தில் பழைய துவக்கியை மீட்பதும் ஒரு நிமிஷ வேலைதான் என்று சொல்லி, அதற்கென்று இன்னொரு பென்டிரைவையும் கொடுத்தார்.

பிளான்காரர்தான் வழிவிடவில்லை.

"ஒரு நிமிஷ வேலையா? அன்னைக்கு நீயும் அப்படித்தானே நினைச்சே!"

"இப்போ சரி பண்றதுக்குத்தாங்க."

"நீ சரி பண்ணது போதும். இதுக்குள்ள நான் இதுவரைக்கும் போட்ட பிளான் எல்லாம் இருக்கு. ஒண்ணு போச்சுன்னா நான் நடுத்தெருவுல நிக்கணும். தொடாதே. யாரும் தொடக் கூடாது. அந்த சர்வீஸ்காரனும்தான்."

"வேற ஒரு இடத்துல காப்பி எடுத்து வைங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிறேனே."

"பாத்துக்கலாம்."

அவருடைய பயத்திலும் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. தொடவும் விடமாட்டார், தொட்டதைச் சொல்லிக் காட்டாமலும் இருக்கமாட்டார். வீட்டுக்கு வருகிற கட்டட மேஸ்திரியிடம்கூட, "எங்க வீட்டுல அம்மா வந்து கைவச்சாத்தான் சிஸ்டம் எழுந்திருக்கும். படிச்சவங்க செஞ்ச வேலை" என்று சொல்லிச் சிரிப்பார். சிஸ்டத்தை அணைக்காமலே ஓட்டிப் பார்த்தார். கரண்ட் விட்டால்தானே? வாரத்தில் பாதி நாள் அது போகும், இவள் வருவாள்.

இப்படியே காலம் தள்ளியிருப்பார்கள். நடுவில் அகராதி வந்தது.

வேறோர் ஊரில் ஒரு பெரிய பதிப்பகம், பல வருஷமாகத் தொகுத்த அகராதி ஒன்றை அச்சுக்குத் தயார் செய்துகொண்டிருந்தது. மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டும். அங்கேயே வந்து தங்கிப் பார்க்க வேண்டும். சில மாதங்கள் ஆகும். பொறுப்பாசிரியர் நேரே போன் போட்டு, "அந்தச் சுழிக்கிற அம்மாதான் வேணும்" என்று கேட்டிருந்தார். திங்கள்கிழமை வர முடியாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்றும் சொன்னார். அவள் வாழ்நாளில் சமையல் குறிப்புக்கும் துணுக்குக்கும் விளம்பரத்துக்கும் ஒற்றுப் போட்டே கண் பூத்துப்போயிருந்தாள். ஒரு மொழியின் மொத்தச் சொல்லையும் ஒன்றுவிடாமல் படித்துப் பார்க்கிற வேலை. அச்சிட்ட பிறகு யாரும் அதைத் தூக்கிக் குப்பையில் போடமாட்டார்கள். போனை வைத்த கையோடு, பல் தெரியச் சிரித்தாள். எதிர் மேசைக்காரி பயந்தே போனாள்.

"போயிட்டு வா, நல்ல வேலைதானே" என்றார் பிளான்காரர். அவள் ஆச்சரியப்பட்டு முடிப்பதற்குள் அடுத்த வரியும் வந்தது. "பென்டிரைவை வச்சுட்டுப் போ."

"அதை வச்சுட்டு நான் அங்கே போய் என்ன பண்றது? என் வேலை முழுக்க அதுலதானே இருக்கு?"

"அப்போ இங்கே கரண்ட் போனா?"

"சரி பண்ண விடுங்க."

"தொடாதேன்னு சொன்னேன்."

ஒரு வாரம் இதே பேச்சு. சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டும் இதே பேச்சு. வெளியூரில் வேலைக்குப் போயிருக்கிற மகள் போனில் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் ஒரு பென்டிரைவுக்காகப் பிரியப் போறீங்களா?" என்று சிரித்தாள். "நீ சும்மா இரு" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த ஒன்றில்தான் ஒற்றுமை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். சுழியம்மா படுக்கையறையில் துணிகளை மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். மின்விசிறி நின்றது. முன்னறையிலிருந்து, "ஐயோ!" என்று ஒரு சத்தம். அவசரமாகக் கொடுக்க வேண்டிய மாடி வீட்டுப் பிளான் ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் விசிறி சுற்ற ஆரம்பித்தது. பிளான்காரர் வாசற்படியில் வந்து நின்று கையை நீட்டினார்.

அவள் பையிலிருந்து பென்டிரைவை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். "வச்சுக்கோங்க" என்றாள். திரும்பி, பெட்டிக்குள் வைத்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கத் தொடங்கினாள்.

"என்ன பண்றே?"

"பாத்தா தெரியலையா? எடுத்து வைக்கிறேன்."

"ஏன்?"

"ஏனா? ஏன்னா கேக்கறீங்க?" கையிலிருந்த துணியைக் கட்டிலில் போட்டாள். "எனக்கு அந்த வேலை வேணுங்க. வாழ்க்கையில நான் வேணும்னு கேட்ட வேலை அது ஒண்ணுதான். ஆனா நான் அங்கே உக்காந்துகிட்டு, இங்கே கரண்ட் போயிருக்குமோ, நீங்க அந்தக் கறுப்புத் திரையைப் பாத்துகிட்டு நிப்பீங்களோன்னு எத்தனை தடவை நினைக்கிறது? என்னால முடியாது. நான் போகல. போதுமா?"

பிளான்காரர் கையிலிருந்த பென்டிரைவைப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார்.

"அந்த இன்னொண்ணு எங்கே? சர்வீஸ்காரன் குடுத்தது?"

"எதுக்கு?"

"வந்து சரி பண்ணு. ஆனா நான் பக்கத்துலயே உக்காந்திருப்பேன். ஒவ்வொரு வரியும் நான் படிச்சு, சரின்னு சொன்னாத்தான் நீ தட்டணும்."

உட்கார்ந்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகிறவர் மாதிரி நிமிர்ந்துகொண்டார். அவள் மீட்புப் பென்டிரைவைச் செருகினாள். அதையும் அவளுக்காகத் தமிழில் வைத்துக் கொடுத்திருந்தார் சர்வீஸ்காரர்; நக்கல்தான், வேறென்ன. திரையில் எழுத்து வந்ததும் பிளான்காரர் உரக்கப் படித்தார்.

"பழைய துவக்கியை எங்கே மீட்க வேண்டும். நிலை வட்டு. நீக்கத்தக்க வட்டு." நிறுத்தினார். நெற்றியைச் சுருக்கினார். "இதுல என்ன யோசனை? நீக்கத்தக்கன்னா அழிச்சுடலாம்னுதானே அர்த்தம்? அழிஞ்சாலும் பரவாயில்ல, அதுல போடு. நம்ம நிலை வட்டைத் தொட்டுடாதே!"

சுழியம்மா அவரையே பார்த்தாள். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு.

"என்ன? என்ன இப்போ?"

"அதேதாங்க! அன்னைக்கு நானும் அதேதான் நினைச்சேன்! நீக்கத்தக்கன்னா அழிக்கலாம்னு! அப்படிப் படிச்சுத்தான் இந்தக் கூத்தே!"

பிளான்காரர் இன்னொரு தடவை படித்தார். மனதுக்குள் படித்தார். உதடு அசைந்தது. மேஸ்திரி முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை தான் சொல்லிச் சிரித்த முகங்களெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்திருக்க வேண்டும். காது சிவந்தது.

"அப்போ தப்பு உன்னுது இல்ல."

"இல்ல."

"இவ்வளவு நாளா இதை ஏன் சொல்லல?"

"நீங்க எங்கே சொல்லவிட்டீங்க?"

"சரி, இதை எப்படித்தான் எழுதியிருக்கணும்?" என்றார் அவர்.

"கழற்றத்தக்க வட்டுன்னு எழுதியிருந்தா போதும். செருகலாம், கழட்டலாம்."

"கழட்டுறதா?" முகத்தைச் சுழித்தார், அந்தச் சுழிப்பு அவளுடையதைவிட நன்றாக இருந்தது. "அது இன்னும் மோசமா இருக்கே. ஆளைக் கழட்டி விடற மாதிரி." திரையைப் பார்த்தபடியே, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "என்னைக் கழட்டி விட்டுட்டுத்தான் போறியா?"

"உங்களையா? உங்களைக் கழட்டணும்னா நான் எப்பவோ கழட்டியிருக்கணும். இப்போ கைய எடுங்க, தட்டணும்."

நிலை வட்டு என்ற வரிமேல் தட்டினாள். உண்மையிலேயே ஒரு நிமிஷ வேலைதான். எல்லாப் பென்டிரைவையும் பிடுங்கிவிட்டு அணைத்துப் போட்டார்கள். சிஸ்டம் யாரையும் தேடாமல், எதையும் கேட்காமல் தானாக எழுந்து வந்தது. பிளான்கள் அத்தனையும் அங்கேயே இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்ட பிறகு, பிளான்காரர் எழுந்து போய் அலமாரியிலிருந்து துணிகளை எடுத்துப் பெட்டியில் வைத்தார். மடிப்பெல்லாம் கலைந்து, அள்ளித் திணித்த மாதிரி இருந்தது. அவள் மறுபடியும் மடிக்க வேண்டியதாயிற்று.

அகராதிக்காரர்கள் அவளுக்கு ஒரு நல்ல மேசையும் ஒரு பழைய கணினியும் கொடுத்தார்கள். பென்டிரைவைச் செருகினாள், அவளுடைய எழுத்துருவும் அவளுடைய சொற்களும் வீட்டில் வைத்த இடத்தில் இருப்பதுபோல் அப்படியே இருந்தன. முதல் வேலையாக அந்த மென்பொருளைத் தமிழாக்குகிறவர்களுக்கு ஒரு திருத்தம் எழுதி அனுப்பினாள். பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. அதிலேயே ஒரு எழுத்துப்பிழை இருந்தது. வாய்விட்டுத் திட்டிவிட்டு, அகர வரிசைக்குள் இறங்கினாள்.

ககர வரிசையில் பாதி தாண்டியிருந்த ஒரு பிற்பகலில் போன் அடித்தது.

"கரண்ட் போயிடுச்சு."

"ஐயையோ. வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"சிஸ்டம் வரலையா?"

"வந்துடுச்சு. தானாவே வந்துடுச்சு."

"பிளான் எல்லாம் இருக்கா?"

"இருக்கு, இருக்கு."

"அப்புறம் எதுக்குங்க போன்? இங்கே நான் தலைக்கு மேல வேலைய வச்சுகிட்டு உக்காந்திருக்கேன்!"

அந்தப் பக்கம் டீயை ஆற்றுகிற சத்தம் கேட்டது.

"கரண்ட் போயிடுச்சுன்னு சொல்லத்தான்" என்றார் பிளான்காரர்.

சுழியம்மா கீபோர்டைத் தள்ளி வைத்தாள். "சரி, சொல்லுங்க" என்றாள். "எப்போ போச்சு?"